தினம் ஒரு செக்

அந்த வெள்ளைக்காரப் பெண் ஐந்தாவது நாளும் வந்து பத்துப் பவுண்டு செக் ஒன்றை மட்டும் நீட்டியபோது லீலாவுக்கு எரிச்சலாக இருந்தது.

1978 ஆகஸ்ட் மாதம். சீசன் முடிந்து கொடைக்கானலில் மழையும் மஞ்சும்தான் மிச்சம். வெளிநாட்டுக்காரர்களின் டிராவலர்ஸ் செக்கை ரூபாயாக மாற்றிக் கொடுக்கும் கவுண்டருக்கு லீலா வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சொந்த ஊர் ஆயக்குடி. அப்பாவுக்குக் கொய்யாத் தோப்பு. பழனியில் படித்து, பரீட்சை எழுதி, வங்கி வேலை கிடைத்து மலையேறியவள். ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள்.

அந்த வங்கியில் ஒரு செக் மாற்றினாலும் சரி, மொத்தமாகப் பத்து செக் மாற்றினாலும் சரி, கமிஷன் ஒன்றுதான். விவரம் தெரிந்தவர்கள் ஊருக்கு வந்ததும் தேவையானதை ஒரே தடவையில் மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இவளோ தினமும் வந்து தினமும் கமிஷன் கட்டினாள். பாஸ்போர்ட்டில் ரூத் என்று பெயர் இருந்தது.

"ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள். வீணாகக் கமிஷன் போகிறது" என்று லீலா ஆங்கிலத்தில் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் ரூத். பணத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனாள்.

"சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்க சார்" என்று மேனேஜர் சேனாதிபதியிடம் லீலா குறைபட்டாள்.

அவர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதற்குள் எந்த வம்பும் வந்துவிடக் கூடாது என்று கவனமாக இருப்பவர். "அவ காசு, அவ செக்கு. நமக்கு என்னம்மா வந்துச்சு? சோலியப் பாரு" என்றார்.

மறுநாள் ரூத் தனியாக வரவில்லை. உயரமான ஒரு ஆள் கூட வந்தான். நன்றாக உடுத்தியிருந்தான், சிரித்துப் பேசினான். அவளுடைய தோளில் போட்டிருந்த கையை மட்டும் அவன் எடுக்கவே இல்லை.

"மிச்சம் இருப்பதை எல்லாம் இன்றைக்கே மாற்றிவிடலாம்" என்றான். "நீங்கள் சொன்னதுதான் சரி. தினமும் கமிஷன் கட்டுவது முட்டாள்தனம் என்று இவளிடம் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

ரூத் செக்குகளைக் கவுண்டரில் வைத்து முதல் இரண்டில் கையெழுத்துப் போட்டாள். இந்தச் செக்கில் இரண்டு கையெழுத்து உண்டு. வாங்கும்போது அவர்கள் ஊரில் ஒன்று, மாற்றும்போது வங்கிக்காரர் கண்ணெதிரே இன்னொன்று. இரண்டும் பொருந்தினால்தான் பணம்.

லீலா முதல் செக்கைப் பார்த்தாள். பொருந்தவில்லை. ஐந்து நாளாக ஒரே சாய்வில், ஒரே சுழிப்பில் விழுந்துகொண்டிருந்த கையெழுத்து இன்று நிமிர்ந்து, உடைந்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். லீலா தலையை நிமிர்த்தினாள். ரூத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எந்த அசைவும் இல்லை. கண் மட்டும் கெஞ்சியது.

வாசலில் நின்று அவள் இரண்டு பக்கமும் பார்த்துப் போனதற்கு இப்போதுதான் லீலாவுக்கு அர்த்தம் புரிந்தது.

"கையெழுத்து பொருந்தவில்லை. பணம் தர முடியாது" என்றாள்.

அவன் சிரிப்பு நின்றது. "உன் கண் முன்னால்தானே போட்டாள்? ஐந்து நாளாக இவளுக்குப் பணம் கொடுத்தவள் நீதானே?"

"நேற்று பொருந்தியது. இன்று பொருந்தவில்லை. விதி அதுதான்."

அவன் கவுண்டரில் ஓங்கித் தட்டினான். சேனாதிபதி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். செக்கை வாங்கிக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, "முடியாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுச் செக்குகளை ரூத்தின் கையிலேயே கொடுத்தார். அவர்கள் போகும்போது அவன் கை அவள் தோளில் இல்லை. அவள் முழங்கையைப் பிடித்திருந்தான்.

அன்று முழுதும் லீலாவுக்கு வேலை ஓடவில்லை. தான் செய்தது அவளுக்கு நல்லதா கெட்டதா என்றே தெரியவில்லை.

அடுத்த நாள் ரூத் தனியாக வந்தாள். மணிக்கட்டில் கன்றியிருந்ததை ஸ்வெட்டர் கையால் மூடியிருந்தாள். லீலா அவளைப் பின்பக்கம் இருந்த சின்ன அறைக்கு அழைத்துப்போய் டீ வரவழைத்தாள். ரூத் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

அவன் பெயர் டெரக். ஊரிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்கள். வழியில் அவன் பணம் தீர்ந்தது. அப்புறம் அவள் கையில் ரூபாயாக இருப்பதெல்லாம் அவனுடையதாயிற்று. கோவாவில் அவளுடைய கேமராவை விற்றான். இரண்டு முறை அவள் தனியாகக் கிளம்பப் பார்த்தாள். இரண்டு முறையும் பஸ் ஸ்டாண்டில் வந்து பிடித்துவிட்டான்.

"செக்கில் என் கையெழுத்து இல்லாமல் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அன்றன்றைக்கு ஒன்று மாற்றுகிறேன். அவன் எடுத்துக்கொண்டாலும் அந்த ஒன்றோடு போகும். ஆனால் இப்படித் தினமும் கமிஷன் கட்டினால் மெட்ராஸ் போய் விமானம் ஏறும்வரை தாங்காது. திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறது. அதுவரை சாப்பிட வேண்டுமே."

"மொத்தத்தையும் ஒரே தடவையாக மாற்றிக்கொண்டு, அப்படியே ஊரைவிட்டுப் போய்விட்டால்?" என்று லீலா கேட்டாள்.

"காலையில் எழுந்ததும் அவன் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்தான் உட்கார்ந்திருப்பான். டாக்சிக்காரர்கள் எல்லோரும் அவனுக்குப் பழக்கம்."

லீலா யோசித்தாள். கீழே இறங்க பஸ் ரோடு மட்டும்தானா இருக்கிறது?

மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவியிலிருந்து வேலுத்தாய் என்ற பெண் குதிரையில் எலுமிச்சையும் காப்பிக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு வருவாள். வங்கிக்கு அடுத்த கடையில் சரக்கைப் போட்டுவிட்டு, மழைக்கு வங்கிப் படியில் ஒதுங்குவாள். லீலா அவளிடம் எலுமிச்சை வாங்குவாள். அந்த ஊருக்கு ரோடு கிடையாது. வட்டக்கானல் தாண்டி ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். இன்னும் கீழே இறங்கினால் பெரியகுளம்.

அன்று படியில் ஒதுங்கிய வேலுத்தாய் விஷயத்தை முழுசாகக் கேட்டாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள்.

"அடிக்கிறானா?"

"ஆமாக்கா."

"நடப்பாளா? பாதை வழுக்கிக் கெடக்கு. அட்டை வேற."

"நடப்பாங்க."

"அப்ப நாளைக்கு வெள்ளனே வாரேன். சரக்கைப் போட்டுட்டு வெரசா திரும்பிருவேன். வட்டக்கானல் முக்குல நிக்கச் சொல்லு. எங்கூட வந்தா எவன் என்ன கேப்பான்?"

மிச்சம் இருந்தது சேனாதிபதி. அவர் கையெழுத்து இல்லாமல் அவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்க முடியாது. அதோடு கவுண்டரில் வைத்துக் கொடுத்தால் ஊருக்கே தெரியும். லீலா அவர் அறைக்குள் போய் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். போகச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

அவர் பேப்பர் வெயிட்டை உருட்டினார். "என் மக கல்யாணமாகி ஆறு மாசத்துல திரும்பி வந்துட்டா. உனக்குத் தெரியாதுல்ல" என்றார். லீலாவுக்குத் தெரியாது. "ராத்திரி பஸ்ஸுல தனியா வந்து எறங்குனா. எவன் டிக்கெட் எடுத்துக் குடுத்தானோ, யார் பஸ் ஏத்தி விட்டாங்களோ, இன்னைக்கு வரைக்கும் சொல்லல. காலையில கதவு தொறந்ததும் அந்தப் பொண்ண நேரா என் ரூமுக்குக் கூட்டிட்டு வா."

மறுநாள் ரூத், லீலா சொல்லியிருந்தபடி, ஒரு துணிப்பையோடு வந்தாள். முதுகுப் பையை லாட்ஜிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அதைப் பார்த்தால் அவள் திரும்பி வருவாள் என்று டெரக் காத்திருப்பான். மேனேஜர் மேஜையில் உட்கார்ந்து, அன்று கெடுத்த இரண்டின் பின்பக்கத்திலும் மற்ற ஒவ்வொரு செக்கிலும் கையெழுத்துப் போட்டாள். அதே பழைய சாய்வு, அதே சுழிப்பு. எல்லாம் பொருந்தின. கமிஷன் ஒரு தடவைதான் பிடித்தார்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு லீலாவைக் கட்டிப்பிடித்தாள். லீலாவுக்குக் கூச்சமாக இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், "வெள்ளகவிக்குள் செருப்புப் போடக் கூடாது. அந்த ஊரில் சாமிக்காக யாரும் போடுவதில்லை. கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். ரூத் சிரித்தாள். அவள் சிரித்து லீலா அன்றுதான் பார்த்தாள். சேனாதிபதி பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே மஞ்சு இறங்கியிருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் அவளைக் காணவில்லை.

மதியம் டெரக் வந்தான். "அவள் எங்கே?"

"வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்வதில்லை" என்றாள் லீலா. குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். சாயங்காலம் சேனாதிபதி குடையோடு வந்து மூஞ்சிக்கல்வரை கூடவே நடந்தார். அதன்பின் ஒரு வாரம் தினமும் நடந்தார். அதற்குள் டெரக் லாட்ஜ் பாக்கிக்கு அந்த முதுகுப் பையை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போயிருந்தான்.

வேலுத்தாய் அதன்பிறகு மேலே வரவில்லை. மழை வலுத்ததால் பாதை அடைத்துவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். லீலாவுக்குச் சோறு இறங்கவில்லை. பழக்கமில்லாத ஒருத்தியை அந்த இறக்கத்தில் அனுப்பிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

வெயில் அடித்த ஒரு நாளில் குதிரை மணிச் சத்தம் கேட்டது. லீலா கவுண்டரை விட்டு எழுந்து படிக்கு ஓடினாள்.

"என்னத்துக்கு இப்படி ஓடி வார?" என்றாள் வேலுத்தாய், மூட்டையை இறக்கிக்கொண்டே. "ரெண்டு நா எங்க வீட்டுலதான் கெடந்தா. காலெல்லாம் கொப்புளம். மஞ்சப் பத்துப் போட்டேன். கேப்பைக் களியத் திங்கத் தெரியல, அள்ளி அள்ளி மூஞ்சியெல்லாம் பூசிக்கிட்டா. எம் மக விழுந்து விழுந்து சிரிச்சா, அவளும் சிரிச்சா. அப்பறம் என் வீட்டுக்காரரு பெரியகுளத்துக்குக் கூட்டிப்போயி மதுரை பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு வந்தாரு."

"பயந்தாங்களா அக்கா?"

"வட்டக்கானல் தாண்டுற வரைக்கும் நிமிசத்துக்கு ஒருக்கா திரும்பிப் பாத்தா. எங்க ஊருல இருந்து எறங்கும்போது நாந்தான் பாறைமேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், ஒரு தரம் திரும்புவா, கையாட்டலாம்னு. திரும்பவே இல்ல. முன்னாடி பாத்தே போயிட்டா."

உள்ளேயிருந்து யாரோ கவுண்டரைத் தட்டிக் கூப்பிட்டார்கள். லீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதோ வந்துட்டேங்க" என்று குரல் கொடுத்தாள்.