சூடேறாத டிராக்டர்

வெளியூரிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்காகச் சமையலறையில் கூடியபோது தோட்டக்காரரின் அம்மா அடுப்புக்குப் பக்கத்து முக்காலியில் இருந்தார். தம்பி சன்னல் மேடையில், காலைத் தொங்கவிட்டபடி. மனைவி மேசை முன்னால், காகிதமும் பேனாவுமாக. தோட்டக்காரர் மட்டும் நிலைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் உள்ளே வந்தால் அடுப்பு அணைந்துவிடும். சில மாதங்களாகவே அப்படித்தான். பால் காய்ச்சும்போது அவரைச் சற்று எழுந்து போகச் சொல்வார்கள், அவரும் போய்விடுவார்.

டிராக்டரைத் தேர்ந்தெடுத்தது அவர் மனைவிதான். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் புல்தரை பராமரிக்கும் சின்னத் தொழில் அவர்களுடையது. தள்ளிக்கொண்டு போகும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்ததால், உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் டிராக்டர் பழையதாக ஒன்று பார்க்க, அவள் கொழுந்தனான அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வியாபாரியின் கொட்டகைக்குப் போனார்கள். அங்கே மூன்று நின்றன. முதலாவதில் புதுப் பெயின்ட் பளபளத்தது; கொழுந்தன் தரையில் படுத்துப் பார்த்தான், அடிப்பக்கம் துருவேறிச் சல்லடையாக இருந்தது. இரண்டாவது சாவியைத் தொட்டதுமே உறுமியது. தோட்டக்காரருக்கு வாயெல்லாம் பல். அவள்தான் பானெட்டில் கை வைத்து, இவர்கள் வருமுன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பதைக் கண்டுபிடித்தாள். காலையில் சண்டித்தனம் பண்ணும் எஞ்சினை விற்கிறவர்கள் செய்கிற வேலை அது. மூன்றாவது மூலையில் கேட்பாரற்று நின்றது. இருக்கை கிழிந்திருந்தது, டயர் தேய்ந்திருந்தது, எஞ்சின் மட்டும் ஜில்லென்று இருந்தது. ஒரே திருப்பில் ஓடியது. இதுதான் நாணயமான வண்டி என்று அவள் சொன்னபோது வியாபாரி தலையைச் சொறிந்தார்.

நாள் முழுக்க ஓடிய பிறகும் அந்த எஞ்சின் சூடாகவில்லை. பானெட்டில் பனி கோத்து நின்றது. கொழுந்தன் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, ஒரு குறையும் இல்லையென்று திரும்ப மாட்டினான். உச்சி வெயிலில் வெட்டினாலும் புல்தரை கருகாமல் நின்றது. வாடிக்கைக்காரர்களுக்கு அது பிடித்துப்போய் வேலை இரட்டிப்பானது. அந்தச் சந்தோஷத்தில், தோட்டக்காரரின் கை குளிர்ந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு தோள், பிறகு கழுத்து. அவர் பக்கத்தில் வைத்த தண்ணீரில் ஏடு மாதிரி ஐஸ் படிந்தது. மருத்துவர் வெப்பமானியை உதறி உதறி வைத்துப் பார்த்துவிட்டு, வெப்பமானி பழுது என்று எழுதிக் கொடுத்தார். வலி எதுவும் இல்லை என்றார் தோட்டக்காரர். கூப்பிட்டால் திரும்புவதற்கு அவருக்கு நாளுக்கு நாள் அதிக நேரம் பிடித்தது. படுக்கையில், மூச்சு வருகிறதா என்று மனைவி அவர் மூக்கருகே விரல் நீட்டிப் பார்ப்பாள். வரும், திறந்த ஐஸ்பெட்டியிலிருந்து வருவதுபோல.

வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். அவர் உடம்பு சூடேறவில்லை. பழைய இரும்புக்கடையில் வண்டியை அறுக்கப் போனபோது அறுக்கும் சுடர் பொசுக்கென்று அணைந்தது. திரும்பக் கொடுக்கப் போனால் வியாபாரி கையெடுத்துக் கும்பிட்டார். முன்பு வைத்திருந்தவரும் இப்படியே ஜில்லிட்டிருந்து, விற்ற அன்றே வியர்வையைத் துடைத்தபடி வீடு போனார் என்பதை மட்டும் அப்போதுதான் சொன்னார். ஒருநாள் அவளே ஏறிப் பிற்பகல் முழுதும் ஓட்டினாள். சாயங்காலம் அவள் விரல்கள் விறைத்திருந்தன. அவர் விரல் நுனியில் இளஞ்சூடு. குளிர் குறையவில்லை, பங்கு பிரிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் வெளியூர்த் தோட்டக்காரர் ஒருவரின் கடிதம் வந்தது. புல்லைக் கருக விடாத வண்டியைக் கேள்விப்பட்டாராம். தனி ஆளாகத்தான் வேலை பார்க்கிறாராம். கேட்ட விலை தருவாராம்.

"வித்துடலாம் அண்ணி," என்றான் கொழுந்தன். "நாம பொய் சொல்லப் போறதில்ல. கேட்டா சொல்லிடுவோம்."

"கேக்கலேன்னா?"

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. அவள் நிலைக்கு வெளியே பார்த்தாள். தோட்டக்காரரின் மீசையில் வெள்ளையாகப் பனிப்பொடி படிந்திருந்தது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல் வரியை எழுதினாள். பேனா அங்கேயே நின்றது.

"அந்த ஆள் பக்கத்துலயும் ஒருத்தி படுத்திருப்பா," என்றாள். "நான் விரலை நீட்டிப் பாக்கற மாதிரி அவளும் பாக்கணுமா?"

மாமியார் முக்காலியில் நிமிர்ந்தார். "எனக்கு எப்பவுமே கால் ஜில்லுன்னுதான் இருக்கு. புதுசா என்ன வந்துடப் போவுது? நானும் முறை போட்டு ஓட்டறேன். அந்த கியர மட்டும் சொல்லிக் குடுங்க."

வெளியிலிருந்து குரல் வர நேரமாயிற்று. "அம்மாவ மேட்டுல ஓட்ட விடாதீங்க," என்றார் தோட்டக்காரர். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது.

அவள் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள். வண்டி விற்பனைக்கு இல்லை, வீட்டில் நான்கு பேருக்கும் தேவைப்படுகிறது. வேறெங்காவது வாங்குவதானால், ஓட்டுவதற்கு முன்பு மட்டுமல்ல, ஓட்டிய பின்பும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். உறையின் பசையில் நாக்கை வைத்தாள். ஈரம் உறைந்து ஒட்டவில்லை. இன்னும் முழுச்சூட்டோடு இருந்த மாமியார் வாங்கி ஒட்டிக் கொடுத்தார். கொழுந்தன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்று ஓட்டுவது தன் முறை என்பதால், தபால்பெட்டிக்கு டிராக்டரிலேயே போனான். தெருக்கோடியில் பெட்டியின் மூடி சாத்திய சத்தம் கேட்டபோது, தோட்டக்காரர் நாற்காலியை நிலைக்கு உள்ளே ஒரு சாண் நகர்த்திப் போட்டார். அடுப்பு நடுங்கியது, அணையவில்லை.