பதினோராம் குழியின் தாகம்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் விஷயத்தில் நூற்றுக்கு நூறு உண்மை.

எங்கள் கடற்கரை கோல்ஃப் மைதானத்துக்குப் பெரிய சாம்பியன்ஷிப் முப்பத்தோரு வருடம் கழித்து வந்திருந்தது. புதன்கிழமை பயிற்சி ஆட்டத்தை முடித்த வெளியூர் வீரர் ஒருவர் தொலைக்காட்சியில், "தரையெல்லாம் கஞ்சி மாதிரி கொழகொழன்னு இருக்கு" என்று சிரித்தார். கஞ்சியாம்! மணலின் மேல் இறுகிக் கிடக்கும் ஸ்காட்லாந்துப் புல்லை அப்படிச் சொன்னால் இங்கே பிறந்த எவனுக்குப் பொறுக்கும்? அன்று சாயங்காலம் பதினோராம் குழியைச் சுற்றியுள்ள புல்திட்டுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. விடவில்லை. கஞ்சியா கல்லா என்று நாளைக்குப் பார்க்கட்டும் என்று குழாயைச் சுருட்டி வண்டியில் எறிந்துவிட்டு, வீட்டுக்குப் போய் வறுத்த மீனை ஒரு பிடி பிடித்துவிட்டுத் தூங்கினேன்.

வியாழன் காலை ஐந்து மணிக்கு எங்கள் தலைமைப் புல்பராமரிப்பாளர் க்ரீயர் மன்க்ரீஃப் ஒவ்வொரு திட்டிலும் இரும்புக் குண்டை விழவிட்டு இறுக்கம் அளந்துகொண்டு வந்தாள். நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடம். பதினோராம் திட்டில் குண்டு விழுந்ததும் அவள் முகம் மாறியது.

"ஃபிண்ட்லே, இதுவரைக்கும் அளந்த பத்தும் ஒரே அளவு. இது மட்டும் ஏன்டா தார் ரோடு மாதிரி இருக்கு?"

அந்தத் திட்டு கடலைப் பார்த்துச் சரிந்து கிடப்பது. மதியம் கிழக்குக் காற்று வரும் என்று சொல்லியிருந்தார்கள். வைத்த பந்து நிற்காமல் உருண்டால் ஆட்டத்தையே நிறுத்துவார்கள். காலையில் ஆடியவர்கள் தப்பித்திருப்பார்கள், மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அப்படி ஓர் அநியாயம் நடந்தால் சாம்பியன்ஷிப் இந்தப் பக்கமே திரும்பாது. க்ரீயரின் ஐந்து வருட உழைப்பும் போச்சு. குழாய் பழுது என்று பூசி மெழுகியிருக்கலாம். மனசு வரவில்லை.

"நான் தண்ணி விடல. அந்த ஆளு கஞ்சின்னு சொன்னதும் கோவம் வந்துருச்சு."

"கோவம்னா அவன்கிட்ட போய்ச் சண்டை போடு. புல்லு உன்னை என்னடா பண்ணுச்சு?"

"இப்ப குழாயை முழுசா தொறந்துவிடட்டுமா?"

"மடையா! காஞ்ச மணல் குடிக்காது, மேலாப்ல வழிஞ்சு ஓடிரும். கொஞ்சமா விடு, நிறுத்து, மறுபடி விடு. ஆறரைக்கு முதல் பந்து போயிரும். அப்புறம் ஒரு சொட்டு விடக்கூடாது. காலையில ஒரு தரை, சாயங்காலம் ஒரு தரைன்னு ஆயிரும்."

அந்த நேரம் பார்த்து, புல்திட்டில் அன்றைய குழி வெட்டும் இடத்தைக் காட்டப் போட்டி அதிகாரி ஆஷ்டவுன் வந்து சேர்ந்தார். அவரிடமும் நானே உண்மையைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு க்ரீயரிடம் திரும்பினார்.

"இவரை வெளியே அனுப்பிடலாமா?"

"அனுப்பலாம் சார். அப்புறம் குழாயை யார் புடிக்கிறது, நீங்களா?"

அவர் தன் பளபளக்கும் காலணியைப் பார்த்தார். என்னை அனுப்பவில்லை. குழியை மட்டும் நாலடி கீழே, சமதளத்துக்கு மாற்றினார். "எல்லாருக்கும் அதே குழிதான். அப்ப நியாயம்தான்," என்றார்.

நான் குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல மூன்று தடவை தண்ணீர் காட்டினேன். ஆறு இருபதுக்குக் குண்டை விழவிட்டோம். மற்ற திட்டுகளின் அளவுக்கு வந்திருந்தது. ஆனாலும் சாயங்காலம் வரை தாங்குமா என்று அந்தக் குண்டு சொல்லாது.

மதியம் காற்று வந்தது. சொன்னதைவிட இரண்டு மடங்காக வந்தது. சாப்பிடாமல் பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு பந்தாகப் பார்த்தேன். ஏழு மணிக்குக் கடைசி மூவர் வந்தார்கள். ஒருவர் திட்டில் கிடந்த பந்தை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். பந்து நடுங்கியது. அது நகரவில்லை. அவர் இரண்டே தட்டில் முடித்துவிட்டுப் போனார்.

எட்டரை மணிக்கு நான் வந்தபோது க்ரீயர் கொட்டகையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். பேட்டியில் வீரர்கள் காற்றைத் திட்டினார்கள், உயரப் புல்லைத் திட்டினார்கள், ஒருவர் சாண்ட்விச்சைக்கூட விடவில்லை.

"பதினொண்ணைப் பத்தி எவனாவது வாயைத் தொறந்தானா?" என்றாள்.

"ஒருத்தன்கூட இல்ல."

"அப்பாடா!" என்று எழுந்து என் முதுகில் ஓங்கி அறைந்தாள். எங்கள் தொழிலில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"போ, போய் பதினொண்ணுக்குத் தண்ணி விடு. எவன் என்ன சொல்லியிருந்தாலும் விடு."

"விட்டுட்டுத்தான் இங்க வந்தேன்," என்றேன். "மூணு தடவை அளந்தும் பார்த்துட்டேன்."