நுரையீரல் இரண்டும் தெளிவு

ரூட்டரின் பக்கத்தைத் திறந்ததும் மூத்த மருமகளின் கண்ணில் முதலில் பட்டது ஒன்பது என்ற எண்தான். அவள் வீட்டில் இருப்பதோ ஒரு லேப்டாப், இரண்டு போன், ஒரு டிவி. மிச்ச ஐந்தும் யாருடையவை என்று பட்டியலை இறக்கிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தனையும் மாடி வீடு! மாடிப்படிக்கு அடியில் யார் வண்டியை நிறுத்துவது என்ற மகா யுத்தத்தில் மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏழு மாதமாகிறது. அண்ணன் தம்பிகள் வழக்கம்போல் பேசிக்கொள்கிறார்கள். இவர்களுக்குள்தான் பேச்சுவார்த்தை இல்லை. நெட் மட்டும் ரோஷமே இல்லாமல் மேலும் கீழும் போய் வந்திருக்கிறது.

அவளுக்கு வேலை, எக்ஸ்ரே பார்த்து மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்ததைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வது. நோயாளிகள் சமாச்சாரம் வெளியே போகக் கூடாது, பாஸ்வேர்ட் இல்லாத வைஃபையில் இனி வேலை கிடையாது என்று அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது. பூட்டினால் மாடியில் எல்லாம் நின்றுவிடும். சொல்லாமல் செய்வது தப்புதான். ஆனால் பூட்டினால் ஓரகத்தி கேட்க வந்துதானே ஆகவேண்டும்? வரட்டுமே! போன வருஷம் வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தவள், பிறகு பள்ளிக்கூட ஆபீசுக்குப் போய்விட்டாள். அவளுடைய வாயாடித்தனம் இல்லாமல் இந்த அறையே வெறிச்சென்று கிடக்கிறது. குறியாக்கம் என்ற இடத்தில் வலுவானதைத் தேர்ந்தெடுத்து, யோசித்து ஒரு பாஸ்வேர்டும் தட்டிச் சேமித்தாள்.

பத்தே நிமிடம். படியில் செருப்புச் சத்தம்.

“நெட் போச்சு,” என்றாள் ஓரகத்தி, நிலைப்படியைப் பார்த்து.

“ஆபீஸ்ல பூட்டச் சொல்லிட்டாங்க. நம்ம நாலு பேரோட முதல் எழுத்து, அப்புறம் இந்த வருஷம். போட்டுக்கோ.”

நாலு பேர் என்றால் இரண்டு ஜோடியும். ஓரகத்தியின் முகம் கொஞ்சம் இளகியது. போட்டாள். தவறு என்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் தவறு.

“குடுக்க இஷ்டமில்லன்னா சொல்லிட வேண்டியதுதானே? தப்பா சொல்லி எதுக்கு அலைய விடணும்?”

“ஐயோ, சத்தியமா அதான்டி! இதோ பாரு.” லேப்டாப்பில் தட்டிக் காட்டினாள். உடனே ஏறியது. அதுதான் வினையாகிப் போனது.

“உங்களுக்கு மட்டும் ஏறுது. நல்லாருக்கு நியாயம்!” விறுவிறுவென்று படியேற ஆரம்பித்தாள் ஓரகத்தி.

மூத்தவள் எழுந்துவிட்டாள். ஒட்டவைக்கப் போய் மொத்தமாக அறுத்துக்கொண்டோமே! பதறிப்போய்த் தன் போனில் போட்டுப் பார்த்தாள். அதிலும் தவறு.

“ஏய், இரு, இரு! எனக்கே ஏறல!”

ஓரகத்தி நாலாவது படியில் நின்றாள். நம்பாமல்தான் இறங்கி வந்தாள். அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள், அசடு வழிந்துகொண்டிருந்த மூத்தவளையும் பார்த்தாள்.

“லேப்டாப்ல இன்னொரு தடவ போடுங்க. எழுத்து வெளிய தெரியற மாதிரி.”

நான்கு எழுத்து தட்டியதுதான் தாமதம், பெட்டிக்குள் ஒரு முழு ஆங்கில வாக்கியம் வந்து விழுந்தது: நுரையீரல் இரண்டும் தெளிவாக உள்ளன.

“அக்கா!” ஓரகத்திக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. “தினம் நூறு தடவ அடிக்கிற வரி, மறக்கக் கூடாதுன்னு நம்ம நாலு பேர் எழுத்தத்தானே சுருக்கா வச்சுக் குடுத்தேன்? நாலு எழுத்து அடிச்சா முழு வரியும் தானா வந்துடும். நீங்க வைஃபைக்கே ரிப்போர்ட் எழுதிட்டீங்க!”

“கை பாட்டுக்கு அடிச்சிடுச்சுடி. பாஸ்வேர்ட் பெட்டியில புள்ளி புள்ளியாத்தானே தெரியுது? நான் எங்க கண்டேன்!” கண்ணில் நீர் வரும்வரை இருவரும் சிரித்தார்கள். “நீ போயிடுவியோன்னு பயந்தே போயிட்டேன்.”

“போயிருப்பேன்,” என்றாள் ஓரகத்தி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த நீள வாக்கியத்தையும் பின்னால் வருஷத்தையும் தன் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினாள்.

“சின்னதா மாத்திடவா?”

“வேணாம், இதுவே இருக்கட்டும். எவனும் கண்டுபிடிக்க மாட்டான்.”

மாடியிலிருந்து கொழுந்தனின் குரல் கேட்டது. “என்னாச்சு? பாஸ்வேர்ட் கிடைச்சுதா இல்லையா?”

“கிடைச்சுது! கத்திச் சொல்லக் கூடாதாம். கீழ வாங்க!” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் கொடுத்தாள் ஓரகத்தி. பிறகு செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, நாற்காலியில் காலை மடித்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.