இணைப்பைத் துண்டிக்க மூன்றை அழுத்தவும்

கால்பந்து லீக்கின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைச் சிவப்புக் கம்பெனி தட்டிக்கொண்டு போன வாரத்தில், நீலக் கம்பெனியின் தொலைபேசிகள் ஓயவே இல்லை. இரண்டும் கட்டண டிவி கம்பெனிகள். பத்திரத்தில் அவற்றுக்கு நீளமான பெயர்கள் உண்டு. ஆனால் மொட்டைமாடியில் நிற்கும் டிஷ்ஷின் நிறத்தைச் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். போன வருடம்வரை எல்லா ஆட்டமும் நீலத்தில் வந்தது. இனி நீலத்துக்குச் சனிக்கிழமை மட்டும். சனிக்கிழமைகளில் ஆடுவது பெரும்பாலும் கடைசி இடத்துக்காக முட்டிமோதும் அணிகள்.

நீலக் கம்பெனியின் மூன்றாம் மாடியில் தக்கவைப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. இணைப்பைத் துண்டிக்க மூன்றை அழுத்துகிறவர்கள் அங்கேதான் வந்து விழுவார்கள். காதில் ஹெட்போன் மாட்டிய அறுபது பேர் அவர்களைக் கெஞ்சிக் கொஞ்சி நிறுத்திவைக்க வேண்டும். மூன்று சலுகைகளைச் சொல்லிப் பார்க்காமல் யாரையும் விடக் கூடாது. சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. நம்பர் மட்டும்தான். நம் கதையில் வருகிறவள் பதினேழாம் நம்பர். அந்த வாரம் அவள் நிறுத்திவைத்தவர்கள் இரண்டே பேர்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு அழைப்பு வந்தது.

"ஹலோ, யாரும்மா பேசறது?"

அவள் ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டாள். முப்பது வருடம் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, அதன் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி ஏறிப்போன குரல் அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அது இறங்கவில்லை. அன்று காலையில்தான் அந்தக் குரல் அவளிடம், "குடை எடுத்துட்டுப் போம்மா" என்றிருந்தது. அவளுடைய மாமனார்.

'மாமா, நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"மேடம், முதல்ல ஒரு விஷயம். இந்தப் பேச்சு வெளிய போகக் கூடாது. என் மருமக உங்க கம்பெனியிலதான் வேலை பாக்குது. ஏதோ கம்ப்யூட்டர் வேலை. நாங்க கட்சி மாறுறது தெரிஞ்சா அதுக்கு மனசு கஷ்டப்படும்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. பிறகு, பயிற்சியில் இரண்டு வாரம் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய ஆபீஸ் குரலில், "என்ன காரணத்துக்காக சார் நிறுத்தறீங்க?" என்று கேட்டாள். அந்தக் குரலில் ஒருமுறை கட்டிய புருஷனே ஏமாந்திருக்கிறான்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச் போயிடுச்சே மேடம்."

"உங்களுக்காக மூணு மாசத்துக்குப் பாதிக் கட்டணம் தர்றோம் சார்."

"மேட்ச் இல்லாம பாதி விலைக்கு எதைப் பாக்கறது? சரி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், நாலு மாசம் தருவீங்களா?"

"மூணுதான் சார்."

"பாத்தீங்களா."

"அப்போ சினிமா சேனல் எட்டு, ஒரு வருஷத்துக்கு இலவசம்."

"சினிமாவுல யார் ஜெயிப்பாங்கன்னு பாதியிலயே தெரிஞ்சுடுது மேடம்."

"சமையல் சேனல் ஆறு இருக்கு சார்."

"எங்க வீட்ல சமைக்கறது என் பையன். இப்பவே நாங்க சமாளிச்சு சாப்பிடறோம். அவன் டிவியைப் பாத்து வேற ஆரம்பிச்சான்னா தாங்காது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சலுகை மூன்றும் முடிந்துவிட்டன. விதிப்படி விட்டுவிடலாம். ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"அந்த மேட்ச் அவ்வளவு முக்கியமா சார்?"

அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்த மனிதரிடம் அது அபூர்வம்.

"எனக்கு மட்டும்னா ரேடியோவுலயே கேட்டுக்குவேன். மருமகளும் பாக்குது மேடம். பாக்காத மாதிரி பாக்கும். துணி தேய்க்கறேன்னு வந்து பின்னாடி நிக்கும். பந்து கோல் பக்கம் போச்சுன்னா இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்னுடும். பையனோட சட்டை ரெண்டு போச்சு. நான் ஏன்னு கேக்கல. கேட்டா உள்ள போயிடும். வாரத்துல அந்த ரெண்டு மணி நேரந்தான் நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கறது."

மேடம் சத்தத்தை நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டு, மேஜையில் இருந்த தண்ணீரை முழுதும் குடித்தாள். பிறகு, "உங்க கோரிக்கை பதிவாயிடுச்சு சார்" என்றாள்.

சூப்பர்வைசர் இந்த அழைப்பை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வேலையே அதுதான்.

"பதினேழு, நல்லாத்தான பேசிட்டிருந்தீங்க. கடைசியில ஏன் கைய விட்டுட்டீங்க?"

"அவர் மனசு மாற மாட்டார் சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க ஒரே வீட்ல இருக்கோம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். படிவத்தில் 'வாடிக்கையாளர் விலகக் காரணம்' என்ற கட்டத்தில் 'குடும்ப விவகாரம்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மாமனார் வழக்கத்துக்கு மாறாகக் கதவைத் திறந்துவிட்டார்.

"உங்க ஆபீஸ்ல எல்லாம் நல்லாப் போகுதாம்மா?" கல்யாணமாகி வந்த நான்கு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டார்.

"போகுது மாமா."

"கஸ்டமர் எல்லாம் விட்டுட்டுப் போறாங்களாமே?"

"ஒருத்தர் ரெண்டு பேர்."

அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

சிவப்புக் கம்பெனிக்காரன் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து மாமனார் குறித்துக் கொடுத்த நாள். ஆனால் அந்த வாரம் ஊரில் பாதிப் பேர் சிவப்புக்குத் தாவியதில் வேலை மலையாகக் குவிந்து, சனிக்கிழமை காலையில்தான் அவன் டிஷ்ஷைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றான். அன்று அவளுக்கு விடுமுறை.

மாமனார் வாசலுக்கு ஓடி அவனிடம் ரகசியம் பேசினார். அவருடைய ரகசியம் சமையலறைவரை கேட்டது.

"இந்த வீடு இல்லப்பா. வேற வீடு. போ, போ."

அவள் வந்து எட்டிப் பார்த்து, "இந்த வீடுதான். வாங்க" என்றாள்.

அவர் பேயறைந்தாற்போல் நின்றார்.

"மாமா, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நீங்க பேசினது என்கிட்டதான்."

அவர் முகத்தில் அந்த உரையாடல் முழுவதும் ஒருமுறை ஓடி முடிந்தது. பையனின் சமையல்வரை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும் கேட்டார்: "மூணு மாசம் பாதிக் கட்டணம்னு சொன்னது நீயா?"

"நான்தான்."

"நாலு மாசம் கேட்டேனே, குடுத்திருக்கலாம்ல?"

"எனக்கு அதுக்கு அதிகாரம் இல்ல மாமா."

"மாமனாருக்குக்கூடவா?"

டிஷ்ஷுடன் நின்றவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம் நீலக் கம்பெனியா?" என்று கேட்டுவிட்டு ஒரு அடி பின்னால் போனான். அவளே அவனை மாடிக்குக் கூட்டிப் போய், தண்ணீர்த் தொட்டி மறைக்காத மூலையைக் காட்டினாள். கீழே மாமனார் டிவி முன்னால் நின்று "வருது, வருது, போச்சு" என்று கத்தினார். அதற்கு யாரும் போன் பண்ண வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மதியம் ஆட்டம் தொடங்குமுன் அவர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் இஸ்திரிப் பெட்டியை எடுக்காமல் வந்து உட்கார்ந்தாள். மஞ்சள் அணிக்கும் பச்சை அணிக்கும் ஆட்டம். இருபது வருடமாக அவர் மஞ்சள்.

முப்பத்தோராவது நிமிடத்தில் பச்சை கோல் போட்டது. பக்கத்து நாற்காலியில் இரண்டு கைகள் மேலே போயின.

மாமனார் மெல்லத் திரும்பினார்.

"பச்சையா?"

"ஆமா மாமா."

"கல்யாணமாகி வந்ததுல இருந்தா?"

"அதுக்கும் முன்னாடி இருந்தே."

"நான் மஞ்சள்னு தெரியும்ல?"

"தெரியும். அதான் இத்தனை நாளா வாயைத் திறக்கல."

அவர் தன் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். இடைவேளையில் தண்ணீர் கேட்கக்கூட வாய் திறக்கவில்லை. தானே எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்தார். எழுபதாவது நிமிடத்தில் மஞ்சள் பதிலுக்கு ஒன்று போட்டதும் அவர் எழுப்பிய சத்தத்தில், சமையலறையில் இருந்த பையன் கரண்டியும் கையுமாக ஓடிவந்தான்.

"யாரு ஜெயிக்கறா?"

"சும்மா இருடா" என்றார் அவர்.

"சும்மா இருங்க" என்றாள் அவள்.

அவன் இருவரையும் பார்த்தான். ஒன்றும் விளங்காமல் அடுப்பைக் கவனிக்கத் திரும்பிப் போனான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. "உங்க ஆளுங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார் மாமனார். "உங்க கோல்கீப்பருக்குத்தான் மாமா" என்றாள் அவள். அதைப் பற்றி இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பையன் என்ன சமைத்திருக்கிறான் என்றுகூடக் கவனிக்காமல், மணிக்கணக்காக வாதாடினார்கள்.