இருபதும் இருபதும்

"எந்தச் சாமானா இருந்தாலும் ரெண்டு கடை வேணும்" என்பது முதலாளி போட்ட விதி. சமையலறை ரேடியோ செய்யும் அந்தச் சின்னத் தொழிற்சாலையில் திருகாணி முதல் அட்டைப்பெட்டி வரை எதையும் ஒரே இடத்தில் வாங்கியதில்லை. ரேடியோவுக்கு உயிரே, உள்ளே இருந்து நிலையங்களைப் பிடித்துத் தரும் ட்யூனர் சிப்தான். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். அதற்கும் இரண்டு கம்பெனிகள். ஒன்றின் இடத்தில் இன்னொன்று அப்படியே உட்காரும். முதலாளி அந்தக் கம்பெனிகளுக்கு மூத்தாள், இளையாள் என்று பெயரே வைத்திருந்தார்.

"ஊர்ல ரெண்டு பொண்டாட்டிக்காரன் திண்டாடுவான். என்னை மட்டும் ரெண்டு பேரும் தாங்கு தாங்குன்னு தாங்குறாங்க, பாத்தியாம்மா?"

"அவங்க எங்க சார் தாங்குறாங்க? ஒருத்தி விலையை இன்னொருத்திகிட்ட சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வத்துது."

பதினெட்டு வருடமாகக் கொள்முதல் மேசை அவளுடையது. எல்லோருக்கும் அவள் பர்சேஸ் அக்கா. ஒருத்திக்கு மட்டும் அண்ணி. அது அவள் கணவனின் தங்கை. புருஷன் போனபின் மகளோடு தனியாக நின்றவளை இவள்தான் கூட்டிவந்து, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் மேசையில் உட்காரவைத்தாள். மதியத்துக்கு நாத்தனார் சோறு கொண்டுவருவாள், அண்ணி காய் கொண்டுவருவாள். பேக்கிங் பகுதியில் வாய்த்துடுக்கான ஒருத்தி உண்டு. "நாத்தனாரும் அண்ணியும் ஒரே டப்பாவுல சாப்பிடுறீங்க. டிக்கெட் போட்டுக் காட்டலாம்போல" என்று தினமும் சீண்டிவிட்டுப் போவாள்.

ஒரு காலை, பூங்கொத்துப் படம் போட்ட மின்னஞ்சல் வந்தது. மூத்தாளும் இளையாளும் ஒரே கம்பெனி ஆகிவிட்டார்களாம்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சக்களத்திங்க ஒண்ணு சேந்துட்டா புருஷன் பாடு என்னம்மா?"

"திண்டாட்டம்தான் சார்" என்றாள் அவள். அப்போது இருவரும் சிரிக்கவும் செய்தார்கள்.

நாலு மாதத்தில் அடுத்த கடிதம் வந்தது. இனி செல்போன் தயாரிக்கும் பெரிய கம்பெனிகளுக்கான சிப் மட்டும்தான் செய்வார்களாம். ரேடியோ சிப் இரண்டும் நிறுத்தம். கடைசி ஆர்டரை முப்பதாம் தேதிக்குள் போடவேண்டும். ஓர் ஆர்டருக்குக் குறைந்தபட்சம் இருபத்தைந்தாயிரம்.

"வேற சிப் போட போர்டையே புதுசா வரையணும் அக்கா" என்றார் இன்ஜினியர். "சோதனை, சான்றிதழ்னு ஒரு வருஷம் ஓடிடும். அதுவரைக்கும் நாற்பதாயிரம் கையில இருந்தா லைன் நிக்காது."

"ஒரு வருஷம் போதும் அண்ணி" என்றாள் நாத்தனார். "பொண்ணு படிப்பு முடிஞ்சிடும். அப்புறம் இந்தப் புகையை யாரு முகர்ந்துக்கிட்டு உட்காருவா?"

கடைசி நாளுக்கு முந்தின நாள் அவள் ஆர்டர் போட்டாள். குறைந்தபட்சம் இருபத்தைந்து என்பதைப் படித்தாள்தான். நாற்பது அதைவிடப் பெரிதாயிற்றே என்று நிம்மதியாகத்தான் இருந்தாள். பிறகு பதினெட்டு வருடம் பழகிய கை, மூத்தாளின் முகவரிக்கு இருபதாயிரம், இளையாளின் முகவரிக்கு இருபதாயிரம் என்று பிரித்து எழுதி அனுப்பியது. 'கிடைத்தது' என்று இரண்டு பதில்கள் வந்தன. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் தேதி இன்னும் இரண்டு பதில்கள் வந்தன. இரண்டிலும் ஒரே வாசகம். அளவு போதாததால் ஆர்டர் ஏற்கப்படவில்லை. கெடு முடிந்துவிட்டது.

இளையாளின் விற்பனைக்காரரைக் கூப்பிட்டாள். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

"நான் போன மாசமே வெளியில வந்துட்டேன் மேடம். ஒரு வேலைக்கு ரெண்டு ஆள் எதுக்குன்னாங்க."

"நீங்க இருந்திருந்தா..."

"பாத்த உடனே கூப்பிட்டிருப்பேன். 'என்ன மேடம், ஒரே வீட்டுக்கு ரெண்டு பத்திரிகை வைக்கிறீங்க'ன்னு கேட்டிருப்பேன். இப்ப அங்க யாரும் படிக்கிறதில்ல மேடம்."

முதலாளி பத்து நாள் போன் பண்ணிப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார். வெளிச்சந்தையில் தேடினால் மாதிரிக்கு வந்ததில் பாதி போலி. கையிலிருந்த சிப் ஆறு வாரத்துக்கு வரும். அதற்குப் பிறகு, வெளியில் செய்த ரேடியோவை வாங்கி, பெயர் ஒட்டி, பெட்டியில் போட்டு விற்பது என்று முடிவாயிற்று. பேக்கிங் இருக்கும். சால்டரிங் மேசைகள் இருக்காது.

"விதி என்னோடதும்மா. நீ அதைத்தானே செஞ்சே" என்றார் முதலாளி. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அவர்.

பிரித்துப் போட்ட கதை அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். சால்டரிங் மேசையிலோ சாபம் அந்தக் கம்பெனிமேல் விழுந்துகொண்டிருந்தது. "ஒண்ணு சேந்து நம்ம வயித்துல அடிச்சிட்டாளுங்களே, பாவிங்க" என்றாள் நாத்தனார். இரண்டு நாள் அதைக் கேட்டுக்கொண்டே அண்ணி சோற்றைப் பிசைந்தாள். மூன்றாம் நாள் முடியவில்லை.

"என்ன அண்ணி, காயில உப்பே இல்ல?"

"அந்த ஆர்டரை நான் பிரிச்சுப் போட்டுட்டேன்."

"எந்த ஆர்டரை?"

"கடைசி ஆர்டரை. எப்பவும்போல ரெண்டு இடத்துக்கு. அளவு பத்தலைன்னு ரெண்டையும் தள்ளிட்டாங்க."

நாத்தனார் டப்பாவிலிருந்து கையை எடுத்தாள். "சேத்துப் போட்டிருந்தா?"

"வந்திருக்கும்."

"நாற்பதும்?"

"நாற்பதும்."

"கண்ணை மூடிக்கிட்டா போட்டீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டுப் போடுற அளவுக்குப் பழகிப்போச்சும்மா."

நாத்தனார் டப்பாவை மூடினாள். "ஏன் அண்ணி என்கிட்ட சொன்னீங்க? அவங்களையே திட்டிக்கிட்டு இருந்திருப்பேனே" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு அறையில் அண்ணி தன் டப்பாவைத் திறந்தாள். பழக்கத்தில் காய் மட்டும்தான் கொண்டுவந்திருந்தாள். எதிர் பெஞ்சு காலி. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், சால்டரிங் மேசையில் நாத்தனாரின் முதுகு தெரிந்தது.

பேக்கிங்காரி வந்து ஒரு டப்பா மூடியை முன்னால் வைத்தாள். அதில் சோறு, தினமும் அவளுக்கு வைக்கும் அதே அளவு.

"உங்ககிட்ட குடுக்கச் சொன்னா அக்கா."

அவள் அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் மூடியில் பாதிக் காயை எடுத்து வைத்து நீட்டினாள். "இதை அவகிட்ட குடுத்துடும்மா. இன்னிக்கு உப்புப் போட்டிருக்கேன்னு சொல்லு."

தினமும் சீண்டுகிறவள் அதை வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.