நீலனும் மாமாவும்

எங்கள் வீட்டில் இரண்டு ரவுடிகள். ஒருவன் நீலன், ஆப்பிரிக்க சிக்லிட் மீன், தொட்டியின் இடது மூலையில் இருக்கும் கல் பொந்துக்குச் சொந்தக்காரன். இன்னொருவர் என் மாமனார். ஹாலில் ஜன்னலோர நாற்காலிக்குச் சொந்தக்காரர். இருவருக்கும் சாப்பாடு போடுவது நான்தான் என்பதால் என்னை மட்டும் கடிப்பதில்லை.

தனியாக இருந்த என் அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி எங்களோடு இருக்க வரவழைத்தேன். ஒரு கையில் பெட்டி, மறு கையில் தண்ணீர் நிரப்பிய பாலிதீன் பையோடு வந்தார். பைக்குள் எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு சிக்லிட். "உனக்குத்தான்மா" என்றார். வந்த சந்தோஷத்தில் மீனை அப்படியே தொட்டியில் விட்டேன். அப்பா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

வந்தது வினை.

நீலன் துரத்திய துரத்தலில் மஞ்சள் மீனின் வால் நார் நாராகக் கிழிந்தது. அது ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. இங்கே மாமா, "சம்பந்தி, அது நான் உக்கார்ற இடம்" என்றார். அப்பா சோபாவுக்குப் போனார். "டிவி மறைக்குது சம்பந்தி." சாப்பாட்டு மேஜைக்குப் போனார். "அங்க நான் பேப்பர் படிப்பேனே." கடைசியில் அப்பா அறையை விட்டே வெளியே வருவதில்லை. என் கணவரிடம் சொன்னால், "ரெண்டு பெரியவங்க நடுவுல நான் என்னத்தப் பேசறது?" என்று நைசாக நழுவினார். பெரிய ராஜதந்திரி!

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டார். "சாயங்காலம் கிளம்புறேன்மா. எனக்கு என் வீடுதான் சரி." சொல்லிவிட்டு மாத்திரை வாங்கக் கடைக்குப் போனார். அங்கே அவருக்குக் காய்ச்சல் என்றால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

மஞ்சளாவது பிழைக்கட்டும் என்று மீன் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"கல்லை மாத்தாமயா புது மீனை விட்டீங்க?" என்று சிரித்தார் அவர். "எல்லாத்தையும் கலைச்சு வேற மாதிரி அடுக்குங்கக்கா. பழைய மீனுக்கும் வீடு புதுசாயிடும். எது யார் இடம்னு தெரியாம முழிக்கும். சண்டை போட நேரம் இருக்காது."

முழங்கை வரை நனைய எல்லாக் கல்லையும் மாற்றி வைத்தேன். நீலன் பொந்தைக் காணாமல் திருதிருவென்று விழித்தான். மஞ்சள் மெல்ல வெளியே வந்தது. இரண்டும் ஒரே கல்லை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தன.

கையைத் துடைத்துக்கொண்டு ஹாலைப் பார்த்தேன். மாமா நடைப்பயிற்சியிலிருந்து இன்னும் வரவில்லை.

"என்னங்க, சோபாவோட அந்தப் பக்கம் பிடிங்க."

"எதுக்கு?"

"பிடிங்கன்னா பிடிங்க!"

மாமா திரும்பி வந்து நடு ஹாலில் நின்றார். பின்னாலேயே அப்பா.

"என்ன சம்பந்தி இது?"

"எனக்கும் புரியல. சின்ன வயசுலேயே இவ இப்படித்தான், எதையாவது உருட்டிக்கிட்டே இருப்பா."

"இங்க வெயில் அடிக்குமே. அங்க உக்காந்து பாருங்க, காத்து வருதா?"

என்னைத் திட்டியபடியே இருவரும் இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அவ்வளவு இனிமையான திட்டை நான் வாங்கியதே இல்லை.

சாயங்காலம் அப்பா, "என் பெட்டி எங்கம்மா?" என்றார்.

பீரோவைத் திறந்து காட்டினேன். அவர் சட்டைகள் மாமாவின் சட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தன. கீழே காலிப் பெட்டி. பயத்தோடு அவர் முகத்தையே பார்த்தேன்.

"மறுபடி யாரு மடிக்கிறது?" என்று முணுமுணுத்தார் அப்பா.

மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, காலிப் பெட்டியைப் பரணின் கடைசி மூலைக்குத் தள்ளினார். ஸ்டூல் ஆடாமல் அப்பா பிடித்துக்கொண்டார்.