அறிமுகம் செய்பவருக்கு ஓர் அறிமுகம்

மிஸ் கிளோவைப் பேசச் சம்மதிக்க வைக்க வெர்னீட்டா மேப்ரிக்கு நான்கு பிப்ரவரி மாதங்கள் பிடித்தன. சம்மதித்த பிறகு ஐந்து நிமிடம் இருந்தால் போதும் என்று நினைத்தாள். கேசன்வில்லில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு என்பது, பீச் தெரு சபையின் கீழ்த்தள மண்டபத்தில் நாற்காலி போடும்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

தபால் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் வெர்னீட்டா. எதையும் உரிய இடத்தில் உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துப் பழகிய கை. அந்தத் தெம்பில்தான், பிப்ரவரிதோறும் விழா எடுக்கும் ஊரின் கறுப்பர் வரலாற்று மன்றத்துக்குத் தலைமை ஏற்றாள். தபால்கள் வாய் திறக்காது, மன்றத்தார் திறப்பார்கள் என்கிற வித்தியாசத்தை அப்போது அவள் யோசிக்கவில்லை.

மிஸ் கிளோ என்கிற க்ளோடில்டா ஸ்டப்ஸ், பதினான்கு வயதில், வெள்ளையருக்கு மட்டுமென்று இருந்த நகராட்சி நீச்சல் குளத்தில் இறங்கிய முதல் கறுப்புப் பெண். மறுநாளே நகராட்சி தண்ணீரை வடித்து, மண்ணைக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டது. கறுப்பு உடம்பு பட்ட குளத்தில் குளிப்பதைவிடக் குளமே இல்லாமல் வியர்த்துச் சாவது மேல் என்ற உயர்ந்த கொள்கை. இன்று அங்கே கார்கள் நிற்கின்றன. ஊரில் அந்தக் கதையைச் சொல்லாத வாய் இல்லை, மிஸ் கிளோவின் வாயைத் தவிர.

இந்த வருடம் அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். "மக என்னை டெட்ராய்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாளாம். திரும்பி வருவேன்னு தோணல. இதை அங்க சுமந்துட்டுப் போக எனக்குத் தெம்பில்லடி. இங்கயே இறக்கி வெச்சிட்டுப் போயிடறேன். ஆனா முதியோர் இல்லத்து வண்டி நாலு மணிக்குக் கெளம்பிடும். அதுக்குள்ள என்னைப் பேச விட்டுடு."

நிகழ்ச்சி இரண்டு மணிக்கு. வெர்னீட்டா எழுதிய நிரலில் ஒரே வரிதான் இருந்தது: மிஸ் கிளோ பேசுவார். அது சபைப் போதகர் ரெவரண்ட் டாக்டர் அலோன்சோ ட்ரைஸின் கைக்குப் போய்த் திரும்பியபோது அந்த ஒரு வரி குட்டி போட்டிருந்தது. துவக்க ஜெபம், கீதம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு மறுமொழி, விழா நோக்கம், வாழ்த்துரைகள், பாடகர் குழு, அறிமுகம் செய்பவரை அறிமுகம் செய்தல், அறிமுகம், மறுபடியும் பாடகர் குழு. எல்லாவற்றுக்கும் அடியில், கோழிக்குப் பக்கத்தில் வைத்த கொத்துமல்லி இலை மாதிரி, மிஸ் கிளோ.

"பாஸ்டர், ரெண்டு மணி நேரத்துல இவ்வளவும் எப்படி?" என்றாள் வெர்னீட்டா.

"சிஸ்டர் மேப்ரி, முறைன்னு ஒண்ணு இருக்கு. வெளிய வெள்ளைக்காரங்க நம்மள 'டேய், பையா'ன்னு கூப்பிட்ட காலத்துல, இந்த மண்டபத்துக்குள்ள நம்ம அப்பன்மாருக்கு மிஸ்டர், டாக்டர்னு மரியாதை குடுத்தது இந்த முறைதான். அதையா வெட்டச் சொல்றீங்க?"

அதில் உண்மை இருந்தது. அதுதான் தொல்லை. பொய்யாக இருந்திருந்தால் அவள் ஒரே போடாகப் போட்டிருப்பாள்.

சனிக்கிழமை கூட்டம் நிறைந்தது. மிஸ் கிளோ முன்வரிசையில், மடியில் கைப்பையும் தலையில் ஊதாத் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தாள். வரவேற்புரைக்கு எழுந்த பெண்மணி முதலில் தேவனுக்கு மகிமை செலுத்தினார். பிறகு பாஸ்டருக்கு, பாஸ்டரின் துணைவியாருக்கு, மேடையிலிருந்த பெரியோருக்கு, மூப்பர்களுக்கு, நிர்வாகக் குழுவுக்கு வணக்கம் சொன்னார். மறுமொழி சொல்ல எழுந்தவர், "முறைகள் எல்லாம் ஏற்கனவே செய்யப்பட்டுவிட்டன" என்று அறிவித்தார். வெர்னீட்டாவுக்கு உயிர் வந்தது. உடனே அவர் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் இன்னொரு தடவை செய்தார்.

இந்தப் பட்டியலில் வாசல் பணியாளர் குழுத் தலைவி ரோஸலின் காஸ்கினின் பெயர் விட்டுப்போனது. சிஸ்டர் காஸ்கின் தன் வெள்ளைக் கையுறைகளை விரல் விரலாகக் கழற்றி மடித்து வைத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச வந்த ஒவ்வொருவரும் சிஸ்டர் காஸ்கினைத் தனியாகக் குறிப்பிட்டு மன்னிப்பும் கேட்க வேண்டியதாயிற்று. கவுன்சிலர் ஆம்ப்ரோஸ் வின்ஃபீல்ட் நகராட்சித் தீர்மானத்தை வாசித்தார். அதே நகராட்சிதான். "குளம் இருந்த இடம்" என்று வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தினார், குளம் தானாக நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டதைப் போல.

வெர்னீட்டா கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஒருவழியாக ரெவரண்ட் ட்ரைஸ் மிஸ் கிளோவை அறிமுகம் செய்ய எழுந்தார். அவரும் அந்தக் காலத்துக் கேசன்வில் பையன்தான். குளத்துக் கதையைச் சொல்லிச் சொல்லியே மூன்று மாநிலங்களின் சபைகளில் விருந்து சாப்பிட்டவர்.

"அந்தச் சிறுமி! சிங்கக்குட்டி! ரெண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தி, 'சுதந்திரம்!' அப்படின்னு முழங்கி..." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "குதிச்சா!"

"ஆமென்!" என்றது கூட்டம்.

"அஞ்சினாளா? இல்ல! தயங்கினாளா? இல்ல! குதிச்சா!"

"ஏண்டி," மிஸ் கிளோ வெர்னீட்டாவின் காதில் கேட்டாள், "இவன் இன்னும் எத்தனை தடவ என்னைக் குதிக்க வெப்பான்? எனக்கு முட்டி வலிக்குது."

வெர்னீட்டா எழுந்து நின்று, போதும் என்று கை காட்டினாள். ரெவரண்ட் அவளைச் சுட்டி, "பாருங்க! நம்ம தலைவியால உக்கார முடியல! பரிசுத்த ஆவி அசைக்குது!" என்றார். கூட்டம் அவளுக்குக் கைதட்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது கதவு திறந்தது. இல்லத்து வண்டி ஓட்டுநர் டெவிட் பர்னெல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக வந்தார். "மிஸ் கிளோ, மன்னிக்கணும். வண்டி கெளம்பற நேரம். மத்தவங்க உள்ள உக்காந்திருக்காங்க."

மிஸ் கிளோ கைப்பையை எடுத்தாள். "பரவால்லடி. எழுதி வெச்சது அவ்வளவுதான் போல."

வெர்னீட்டா நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். "அடடா, காலம் நம்மள விடமாட்டேங்குதே!" என்று சொல்லிக்கொண்டிருந்த ரெவரண்டின் முகத்தில் வருத்தம் இல்லை. பொதி இறக்கிய கழுதையின் முகம் அது. இந்த முறை, இந்த மறுமொழி, இந்த இரண்டு பாடகர் குழு எல்லாம் எதற்கு அணைபோட்டன என்பது அவளுக்குப் பாதி புரிந்தது. பாதி போதும். நேரே மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. முதியோர் இல்லத்து சார்புல வந்திருக்கிற பிரதர் பர்னெலுக்கு நாம இன்னும் மரியாதை செய்யல. பிரதர், மேடைக்கு வாங்க. வாழ்த்துரை குடுங்க."

"நானா? நான் சும்மா வண்டி..." என்றார் பர்னெல். ஆனால் கூட்டம் திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் காஸ்கின் நாற்காலி கொண்டுவந்து போட்டார். பர்னெல் தன் சபையில் மூப்பர். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, தொண்டையைச் செருமினார்.

"முதற்கண் தேவனுக்கு மகிமை. இந்தச் சபையின் போதகருக்கு, அவரது துணைவியாருக்கு..."

முடித்ததும் மேடையிலேயே உட்கார வைக்கப்பட்டார். மேடையில் உட்கார்ந்தவர் ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னால் எழுந்துபோன சரித்திரம் கேசன்வில்லில் கிடையாது. வெளியே வண்டியில் யாரோ ஹாரன் அடித்தார்கள். பர்னெல் கண்ணியமாக எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ் கிளோ, வாங்க," என்றாள் வெர்னீட்டா. "இனி வண்டி போகாது."

மிஸ் கிளோ யாருக்கும் மகிமை செலுத்தவில்லை.

"நான் குதிக்கல," என்றாள். "தள்ளிவிட்டாங்க. தள்ளினது லோனி. இதோ, எனக்குப் பின்னாடி மேடையில உக்காந்திருக்கிற டாக்டர் அலோன்சோதான். வேலியில ஒரு ஓட்டை. உள்ள போய்ப் பாப்போம்னான். போனோம். வெளையாட்டுக்குத் தள்ளினான், வெள்ளைக்காரன் கத்தினதும் ஓடிட்டான். எனக்கு நீச்சல் தெரியாது. கால்ல சபைக்குப் போட்டுட்டுப் போற வெள்ளை ஷூ. தண்ணி குடிச்சேன். போலீஸ்தான் தூக்கி வெளிய போட்டுச்சு. அம்மா வேலை செஞ்ச வீட்டுல மறுநாளே நிறுத்திட்டாங்க. 'ஏண்டி குதிச்சே?'ன்னு அம்மா அடிச்சா. லோனி பேரைச் சொன்னா அவனைக் கொன்னுடுவாங்க. அதனால, நானாத்தான் குதிச்சேன்னேன். அன்னிக்கு ஆரம்பிச்சது, இன்னும் குதிச்சுக்கிட்டே இருக்கேன்."

கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

"நான் சிங்கக்குட்டி இல்ல. பயந்துபோன பொண்ணு. அதையும் சேத்து எழுதிக்கோங்க. ஒரு ஷூ இன்னும் அந்தக் கான்கிரீட்டுக்கு அடியிலதான் கெடக்கு. அவ்வளவுதான்."

மண்டபத்துக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நிரலில் இதற்கு இடமே இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும், மிகவும் தாமதமாக, "சொல்லுங்க, மிஸ் கிளோ" என்றது.

நிரல்படி அடுத்தது ரெவரண்டின் நன்றியுரை. எழுந்தார். "முதற்கண் தேவனுக்கு..." என்றவர் அதற்கு மேல் யாருக்கும் போகவில்லை. ஊதாத் தொப்பியைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். அவர் சேவையில் அதுதான் மிகச் சிறந்த பிரசங்கம் என்று வெர்னீட்டாவுக்குத் தோன்றியது.

அந்த நிம்மதிக்கு ஆயுள் மார்ச் மாதக் கூட்டம் வரைதான்.

மார்ச்சில் ஒருவர் எழுந்து, தேவனுக்கும் சிஸ்டர் காஸ்கினுக்கும் வணக்கம் சொல்லி, அந்த ஷூவைத் தோண்டி எடுக்கத் துணைக்குழு அமைக்க வேண்டும் என்றார். ஆரவாரத்தோடு நிறைவேறியது. தலைவர் யார்? "சம்பவத்தில் நேரடித் தொடர்புள்ள, ஊரில் மிச்சமிருக்கும் ஒரே நபர்" என்ற தகுதியில் ரெவரண்ட் ட்ரைஸ். தோண்டுவதற்கு நகராட்சி அனுமதி வேண்டும் என்று வெர்னீட்டா நினைவூட்டினாள். அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் துணைக்குழுவுக்குத் துவக்க விழா நடத்த வேண்டும் என்றார்கள். மறுவாரமே நிரல் வந்து சேர்ந்தது. வரவேற்புரை, வரவேற்புரைக்கு மறுமொழி...

அவள் டெட்ராய்ட்டுக்குத் தொலைபேசி போட்டுக் கொட்டித் தீர்த்தாள். "நாலு வருஷம், மிஸ் கிளோ! உங்களைப் பேச வைக்க நாலு வருஷம். இவங்க உங்க ஷூவுக்கு விழா எடுக்கறாங்க. நான் விட்டுட்டுப் போயிடலாம்னு பாக்கறேன்."

"விட்டுட்டுப் போனா உன் எடத்துக்கு யாரு வருவா?"

வெர்னீட்டா யோசித்தாள். "லோனி."

"அப்ப இரு. ஷூவை அறிமுகம் செய்யப்போறது யாரு?"

"அதுவும் அவர்தான்."

மறுமுனையில் மிஸ் கிளோ சிரித்தாள். முட்டி வலி மறந்த சிரிப்பு.

"பாத்துக்கோடி," என்றாள். "அந்த ஷூவும் தானாத்தான் குதிச்சுதுன்னு சொல்லிடப் போறான்."